கையெழுத்து ஒருவருடையது, காடு இன்னொருவருடையது



நெடுநாள்களாக எழுத எண்ணித் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதத் துணிந்துள்ளேன். இதற்கு வித்திட்டவள் என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தி. 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், புவி வெப்பமடைதல் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். 2015இல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன, அதில் நம் நாடும் கையெழுத்திட்டுள்ளது என்று சற்றுப் பெருமையாகவே கூறினேன். அவள் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், கையெழுத்துப் போட்டாச்சுன்னா பிறகு ஏன் மலையில மரம் வெட்டுறாங்க? யாரும் பிடிக்க மாட்டாங்களா?"

அவளுடைய பாட்டி வீடு பாலிங் மாவட்டத்தில் கூப்பாங் பக்கம் உள்ளது. அந்த மாதம் 4ஆம் நாள் பிற்பகல், இனாஸ் மலையில் பெய்த பெருமழை சேறும் மரத்தடிகளுமாகக் கம்போங் இபோய்க்குள் இறங்கியது. மூவர் மாண்டனர். பாட்டியின் வீட்டில் சுவரில் மார்பளவுக்குச் சேற்றின் கோடு. மலையில் டுரியான் தோட்டம் போடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்றனர் ஊரார். வழக்கத்துக்கு மீறிய மழையே காரணம் என்றது மாநிலத் தலைமை. அந்த வாதம் பல நாள்கள் நீடித்தது.

நான் அன்று அவளுக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்துவரும் எனக்கு அந்த மழுப்பல் உறுத்தியது. வீட்டுக்கு வந்து அரசமைப்புச் சட்ட நூலைப் புரட்டத் தொடங்கினேன். விடை மலையில் இல்லை, 1957இல் இருந்தது.

முதலில் கையெழுத்துகளின் கதையைப் பார்ப்போம். அது நம் கெடாவிலேயே தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 1989ஆம் ஆண்டு அக்டோபரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் கோலாலம்பூரில் மாநாடு கூட்டி, இடையே லங்காவித் தீவுக்கு வந்து தங்கினர். அங்கு 21ஆம் நாள் வெளியிடப்பட்டதுதான் சுற்றுச்சூழல் குறித்த லங்காவிப் பிரகடனம். பசுமை இல்ல விளைவால் பருவநிலை கடுமையாக மாறக்கூடும், காடுகள் காக்கப்பட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. அப்பொழுது நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் லங்காவித் தீவை வரைந்து, "உலகத் தலைவர்கள் நம்ம ஊருக்கு வந்திருக்காங்க" என்றார். தீவின் வடிவம் சரியாக வரவில்லை, இரண்டு முறை அழித்து வரைந்தார். அது மட்டுமே என் நினைவில் உள்ளது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1992இல், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் புவி உச்சநிலை மாநாடு நடந்தது. அங்கு அன்றைய பிரதமர் மகாதீர், நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாகவே வைத்திருப்போம் என்று உறுதியளித்தார். அவர் அலோர் ஸ்டாரில் பிறந்தவர், இந்நகரிலேயே 1957இல் மருந்தகம் திறந்து மருத்துவம் பார்த்தவர். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கையெழுத்துகள் தொடர்ந்தன. பருவநிலை மாற்றம் பற்றிய ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தத்தை மலேசியா 1994ஆம் ஆண்டு ஜூலையில் உறுதிசெய்தது. கியோத்தோ நெறிமுறையை 2002ஆம் ஆண்டு செப்டம்பரிலும், பாரிஸ் உடன்படிக்கையை 2016ஆம் ஆண்டு நவம்பரிலும் உறுதிசெய்தது. பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியாகும் பசுமை இல்ல வாயுவின் அளவை, 2005ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில் 2030க்குள் 45 விழுக்காடு குறைப்போம் என்பது நாம் கொடுத்த வாக்கு. 2015இல் இதில் 35 விழுக்காட்டை மட்டும் நாமே செய்வதாகவும், எஞ்சிய 10 விழுக்காட்டுக்குப் பணக்கார நாடுகளின் உதவி வேண்டும் என்றும் கூறியிருந்தோம். 2021இல் அந்த நிபந்தனையையும் நீக்கிவிட்டோம்.

இவை அனைத்திலும் கையெழுத்திட்டது கோலாலம்பூர். நம் நாட்டுக் கணக்கில், ஆலைகளும் வாகனங்களும் மின் நிலையங்களும் வெளியிடும் வாயுவின் பெரும்பகுதியைக் காடுகள் உறிஞ்சி ஈடுசெய்வதாகக் காட்டப்படுகிறது. ஆகவே காடு இல்லையேல் அந்தக் கணக்கே இல்லை. ஆனால் காடு கோலாலம்பூருடையது அன்று!

இங்குதான் 1957க்குத் திரும்ப வேண்டியுள்ளது.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, ஆட்சிப் பொருள்களைப் பட்டியல்களாகப் பிரித்து வைத்துள்ளது. முதற்பட்டியல் கூட்டரசுக்கு உரியது: பாதுகாப்பு, கல்வி, நிதி, வெளியுறவு. பிற நாடுகளோடு செய்யும் உடன்படிக்கைகளும் இதில் அடங்கும். இரண்டாம் பட்டியல் மாநிலங்களுக்கு உரியது: நிலம், காடு, வேளாண்மை, ஊராட்சி. மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவானது. குடிநீர் வழங்கல் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலுக்கு வந்தது. ஆயினும் அந்நீர் ஊறி வரும் ஆறும் காடும் மாநிலத்திடமே நின்றன.

ஏன் இப்படிப் பிரித்தனர்? லார்டு ரீட் தலைமையில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் நாடுகளைச் சேர்ந்த ஐவர் கூடி அதை வரைந்தபோது, நிலத்தை மாநிலங்களிடமிருந்து பறிப்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றாக இருந்தது. கெடாவையே எடுத்துக்கொள்வோம். 1909ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் ஒப்பந்தத்துக்குப் பின் கெடா ஓர் ஆங்கில ஆலோசகரை ஏற்றது, ஆனால் கூட்டு மலாய் மாநிலங்களில் சேரவில்லை. சுல்தானின் எழுத்துப்பூர்வ இசைவின்றி வேறு எந்த ஆட்சியோடும் கெடாவை இணைக்கக் கூடாது என்று 1923ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கியது. 1946இல் மலாயன் யூனியன் வந்தபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் கெடாவின் குரலும் உரத்து ஒலித்தது. இத்தகைய மாநிலங்களைச் சேர்த்துக் கட்டிய கூட்டரசு, மண்ணை மாநிலத்துக்கே விட்டுக்கொடுத்ததில் வியப்பில்லை.

ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. பத்தாவது அட்டவணை வருவாயைப் பிரிக்கிறது. வருமான வரி, சுங்க வரி போன்ற பெரிய வரிகளெல்லாம் கூட்டரசுக்கு. மாநிலத்துக்கு எஞ்சியவை நில வரி, சுரங்கம், காடு முதலியவை. கூட்டரசு தலைக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு என்று மானியம் தருவதுண்டு. ஆனாலும் தொழில் வளம் குறைந்த ஒரு மாநிலம் தன் கையால் பணம் திரட்ட வேண்டுமெனில் நிலத்தை விற்க வேண்டும், இல்லையேல் மரத்தை விற்க வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதாக விளங்கும்படி ஒன்று சொல்கிறேன். அண்ணன் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று, "எங்கள் குடும்பத்தில் இனி ஒரு மரமும் வெட்ட மாட்டோம்" என்று வாக்குக் கொடுக்கிறார். எல்லாரும் கைதட்டுகின்றனர். ஆனால் தோப்பு தம்பியின் பெயரில் உள்ளது. தம்பியின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் அந்தத் தோப்பிலிருந்தே வருகிறது. தம்பியைப் பொல்லாதவன் என்று திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன்.

அண்ணனுக்கு அதிகாரமே இல்லையா என்றால், உண்டு. 76ஆம் பிரிவு, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்கள் மீதும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று மூன்று வழிகளைத் திறந்து வைத்துள்ளது. அவற்றுள் முதலாவது, பிற நாடுகளோடு செய்த உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்கான சட்டம். மாநில அரசுகளைக் கலந்து பேச வேண்டும் என்ற நிபந்தனை மட்டுமே உண்டு. இசைவு பெற வேண்டும் என்று அங்கு எழுதப்படவில்லை. நான் முதன்முறை இதனைப் படித்தபோது, விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் காட்டுக்கு அந்த வழி எடுக்கப்படவில்லை. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டம் இன்னொரு வழியில் வந்தது. மாநிலங்களிடையே ஒரே சீரான சட்டம் இருக்க வேண்டும் என்னும் நோக்கில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அங்கு அது செல்லும். 2022இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, ஒதுக்கப்பட்ட காட்டை அந்த நிலையிலிருந்து நீக்குவதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு விசாரணை நடத்த வேண்டும் என்று சேர்த்தது. அந்தத் திருத்தமும் மாநிலம் மாநிலமாகச் சென்று கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. மரம் வெட்ட உரிமம் கொடுப்பதும் மாநிலம், காட்டைக் காவல் காக்கும் வனத்துறை அதிகாரிகளும் மாநிலத்தின் ஆள்கள். கோலாலம்பூரில் சட்டம் இயற்றினாலும் காட்டுக்குள் அதை எடுத்துச் செல்லும் கால்கள் மாநிலத்துடையவை. இது அரசியல் அச்சம் மட்டுமன்று, நடைமுறை உண்மையும் கூட.

பிற நாடுகளில் இவ்வழியைத் துணிந்து எடுத்ததுண்டு. ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியா மாநிலம் ஓர் ஆற்றின் குறுக்கே அணை கட்ட முற்பட்டபோது, உலகப் பாரம்பரிய உடன்படிக்கையைக் காட்டி நடுவண் அரசு அதைத் தடுத்தது. 1983இல் உயர்நீதிமன்றம் நடுவண் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் அரசமைப்பின் 253ஆம் பிரிவு அதே அதிகாரத்தைத் தருகிறது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டைச் சுட்டியே இயற்றப்பட்டன. போதாக்குறைக்கு, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் காட்டையே மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றிவிட்டனர். தமிழகத்தில் மாநில உரிமை பேசுவோர் அந்த மாற்றத்தை இன்றளவும் குறையாகச் சொல்வர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு.

இனி உலு மூடாவுக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

தாய்லாந்து எல்லையை ஒட்டி, சிக், பாலிங், பாடாங் திராப் மாவட்டங்களில் ஏறத்தாழ 1,60,000 ஹெக்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அந்தக் காடு. மூடா ஆற்றின் பிறப்பிடம். 1960களின் பிற்பகுதியில் உலக வங்கியின் கடனோடு அங்கு மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டன. மலையைக் குடைந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் அமைத்து, மூடா அணையின் நீரைப் பெடு அணைக்குக் கொண்டுவந்தனர். அங்கிருந்து கால்வாய்கள் வழியாக அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள வயல்களுக்கு நீர் பாய்ந்தது. 1970 முதல் ஆண்டுக்கு ஒரு போகம் விளைந்த மண்ணில் இரு போகம் விளைந்தது. மெர்கோங்கிலிருந்து எந்தத் திசையில் சிறிது தொலைவு சென்றாலும் நாம் காணும் பச்சை வயல்கள் அந்தக் காட்டின் நீரால் வாழ்பவை. அவற்றை நிருவகிக்கும் மாடா நிறுவனம் கூட்டரசின் அமைப்பு, வயலும் ஆறும் மாநிலத்துடையவை. கூட்டரசும் மாநிலமும் ஒன்றுபட்டு ஒரு பெரிய காரியத்தைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்பொழுது மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்டால், இரு தரப்புக்கும் அதில் வரவு இருந்தது. நாட்டுக்கு அரிசி கிடைத்தது, கெடாவின் விவசாயிக்கு இன்னோர் அறுவடை கிடைத்தது.

காட்டை வெட்டாமல் வைத்திருப்பதில் அப்படி ஒரு வரவு இல்லை. மூடா ஆறு தெற்கே இறங்கி, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் கலக்கிறது. பினாங்கு தன் குடிநீருக்கான ஆற்றுநீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இந்த ஆற்றிலிருந்து எடுக்கிறது. பாயான் லெப்பாசின் தொழிற்சாலைகளுக்கும் ஜார்ஜ்டவுனின் தங்குவிடுதிகளுக்கும் உலு மூடாவே தாய். அங்கு ஈட்டும் வரியின் பெரும்பகுதி கோலாலம்பூருக்குச் செல்கிறது. மரத்தை வெட்டாமல் நின்ற கெடாவுக்கு அதில் நேரடியாக வருவது ஒன்றுமில்லை.

2020இல் மந்திரி பெசாராகப் பொறுப்பேற்ற சனுசி, ஆற்றுநீருக்காகப் பினாங்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பினாங்கின் முதலமைச்சர் சௌ கொன் யாவ் மறுத்தார். ஆறு எல்லையாக ஓடுகிறது, எங்கள் கரையில் எங்கள் நீரை எடுக்கிறோம் என்பது பினாங்கின் வாதம். சட்டப்படி பினாங்கின் பக்கம் வலுவானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கணக்குப்படி கெடாவின் பக்கமும் வெறும் வீம்பன்று. கேட்டவரின் பேச்சு முறை பலருக்குப் பிடிக்காததால் கேள்வியையே ஒதுக்கிவிட்டோமோ என்று ஐயுறுகிறேன்.

இடையே ஒரு வரலாற்றுத் துணுக்கு. பினாங்குத் தீவுக்காக 1791ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளியும், 1800இல் செபராங் பிறைக்காக மேலும் 4,000 வெள்ளியும் கெடா சுல்தானுக்குக் கொடுக்க ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டனர். ஆண்டுக்குப் பத்தாயிரம் என்னும் அந்தத் தொகை, விடுதலைக்குப் பின்னும் ரிங்கிட்டாக மாறித் தொடர்ந்து, 2018 முதல்தான் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பத்தாயிரத்தோடு நின்ற ஒரு மாநிலம், "எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதில் வியப்பென்ன!

இந்தக் குழப்பம் நம்மைப் போன்றோரையும் தொடும். சில ஆண்டுகளுக்கு முன், நீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கு நேரில் காட்ட விரும்பி, நீர்ப்பிடிப்புக் காட்டின் விளிம்புவரை அழைத்துச் செல்ல இசைவு கேட்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். இது மாநிலத்தின் பொருள், அங்கு கேளுங்கள் என்று பதில் வந்தது. அங்கு கேட்டேன். அணை கூட்டரசு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது, அவர்களிடம் கேளுங்கள் என்றனர். மூன்றாவது கடிதத்துக்கு விடையே இல்லை. பள்ளி விடுமுறை வந்தது. பிள்ளைகளை அலோர் ஸ்டார் நெல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று திரும்பினேன். பிள்ளைகள் மகிழ்ந்தனர். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

குப்பையிலும் இதே கதைதான். குப்பைமேட்டில் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வாயு வெளிவருகிறது. அதைக் குறைப்போம் என்றும் 2021இல் கிளாஸ்கோவில் நம் நாடு உலகளாவிய உறுதிமொழியில் சேர்ந்தது. திடக்கழிவுக்கென்று 2007இல் கூட்டரசு சட்டம் இயற்றியது. கெடா அதில் சேர்ந்தது, பினாங்கு சேரவில்லை. எனவே நம் வீட்டில் குப்பையைப் பிரித்து வைப்பது கூட்டரசுச் சட்டத்தின்படி. மூடா ஆற்றைக் கடந்து கெப்பாலா பத்தாசில் இருக்கும் என் தங்கை வீட்டில் பிரிப்பது பினாங்கு மாநிலத்தின் சொந்த ஏற்பாட்டின்படி. பாலத்துக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே வாழைப்பழத் தோல்தான்!

காட்டுக்கு வரவு வேண்டும் என்பதைக் கூட்டரசும் கடைசியில் ஒப்புக்கொண்டது. 2019ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், இயற்கைப் பகுதிகளைக் காத்து விரிவுபடுத்தும் மாநிலங்களுக்கென 6 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. நிலம், நீர், இயற்கை வள அமைச்சராக அப்பொழுது இருந்தவர் டாக்டர் சேவியர் ஜெயகுமார். சுற்றுச்சூழல் நிதிப் பரிமாற்றம் என்று அதற்குப் பெயர். 2022இல் 7 கோடி, 2023இல் 15 கோடி, 2024இல் 20 கோடி, 2025இல் 25 கோடி என்று அத்தொகை ஏறியது. ஏறுமுகம் நல்லதே. ஆனால் 25 கோடியை 13 மாநிலங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு மாநிலத்துக்கு 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆற்றுக்காக மட்டும் கெடா கேட்டது 5 கோடி. தம்பிக்கு அண்ணன் அனுப்பும் பணம் மளிகைக்குப் போதும், பள்ளிக் கட்டணத்துக்குப் போதாது.

இந்தியாவில் இதனை வேறு விதமாகச் செய்தனர். மாநிலங்களுக்கு வரியைப் பகிர்ந்தளிக்கும் 14ஆம் நிதிக்குழு, 2015 முதல், பங்கைக் கணக்கிடும் அளவுகோல்களில் காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு இடம் கொடுத்தது. 15ஆம் நிதிக்குழு அதைப் பத்தாக்கியது. வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் அறிவிக்கும் அன்பளிப்பாக இல்லாமல், பகிர்வுச் சூத்திரத்துக்குள்ளேயே காடு புகுந்துவிட்டது. அங்கும் காடு அழிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கேட்டுப் பெறுவதற்கும் உரிமையாகப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம்.

ரியோவில் கொடுத்த 50 விழுக்காடு வாக்கு என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். நாடு முழுமைக்கும் பார்த்தால் பாதிக்கு மேல் காடு என்றே அரசின் கணக்கு கூறுகிறது. அதில் சபா, சரவாக் மாநிலங்களின் பங்கு பெரிது. தீபகற்பத்தை மட்டும் எடுத்தால் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எந்த மாநிலம் எவ்வளவு காடு வைத்திருக்க வேண்டும் என்று அந்த வாக்கில் பிரித்துச் சொல்லப்படவில்லை. குடும்பம் முழுவதற்கும் பொதுவாகக் கொடுத்த வாக்கை எந்தப் பிள்ளையும் தன்னுடையதாக எண்ணுவதில்லை.

2016ஆம் ஆண்டு ஏப்ரலை மறந்திருக்க மாட்டீர்கள். எல் நினோ வெப்பத்தால் பெர்லிசிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி கூட்டரசின் பட்டியலில் உள்ளதால் அந்த ஆணை உடனே வந்தது. ஒரே அறிவிப்பில் பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். அதே வெயிலில் அணைகளின் நீர் வற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ஆணையிட யார் என்று கேட்டால், மேலே எழுதியவற்றையெல்லாம் மீண்டும் எழுத வேண்டும்.

இப்பொழுதெல்லாம் ஆறாம் ஆண்டில் பருவநிலை பற்றிப் பேசும்பொழுது, பாரிசுக்குப் போவதற்கு முன் கெடாவின் வரைபடத்தைத் தொங்கவிடுகிறேன். கூட்டரசின் பொறுப்பில் இருப்பவற்றுக்கு நீலம், மாநிலத்தின் பொறுப்பில் இருப்பவற்றுக்கு மஞ்சள் என்று பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்கிறேன். பள்ளி நீலம், வயல் மஞ்சள், காடு மஞ்சள். அணைக்கு வரும்பொழுது தவறாமல் சண்டை வரும். சென்ற முறை ஒரு பையன் பாதியை நீலமாகவும் பாதியை மஞ்சளாகவும் தீட்டிவிட்டு, நடுவில் பச்சை வந்துவிட்டது என்று காட்டினான். வகுப்பே சிரித்தது.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு நான் கடன்பட்டிருந்த விடையை வாசலில் நிற்கவைத்தே சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப ரெண்டு பேரும் பேசணும், இல்லையா டீச்சர்?" என்றாள். பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நலமாக இருக்கிறாராம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாராம். மழை பெய்யும் இரவுகளில் அதைக் கீழே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.